குத்தகைக்கு வந்த அணியும் குடிபெயர்ந்த அணியும்

1989 அக்டோபர் 17 மாலை 5.04 மணிக்கு வடக்குக் கலிஃபோர்னியாவில் நிலம் நடுங்கியது. சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் அப்போது பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்துக்காகக் கூட்டம் திரண்டிருந்தது. மோதவிருந்த இரண்டு அணிகளும் ஒரே வளைகுடாவின் எதிரெதிர்க் கரைகளைச் சேர்ந்தவை. மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், கிழக்குக் கரையில் ஓக்லாந்து அத்லெடிக்ஸ். 63 பேரைப் பலிகொண்ட அந்த நிலநடுக்கத்தால் தொடர் பத்து நாள் தள்ளிப்போனது. சான் பிரான்சிஸ்கோவின் கரையை ஊரிலிருந்து மறைத்து நின்ற எம்பார்கடேரோ என்னும் ஈரடுக்கு மேம்பாலச் சாலையும் சேதமடைந்தது. 1991இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். முப்பது ஆண்டுகளாகக் கான்கிரீட்டுக்குப் பின்னால் கிடந்த வளைகுடா, நகரின் நடுப்பகுதியிலிருந்து மறுபடி கண்ணில் பட்டது.

அதன்பின் இந்த இரண்டு அணிகளும் ஆளுக்கொரு காலத்தில் தத்தம் நகரின் துறைமுகக் கரைக்கு வந்து ஏறக்குறைய ஒரே கோரிக்கையை வைத்தன. பழைய சரக்குத்துறை நிலத்தில் எங்களுக்கு இடம் கொடுங்கள், மைதானத்தைச் சொந்தப் பணத்தில் கட்டிக்கொள்கிறோம், பாழடைந்த கரைக்கு உயிர் வரும் என்றன. ஜயன்ட்ஸ் இன்றும் அந்தக் கரையில் விளையாடுகிறது; மைதானத்துக்கு எதிரே ஒரு புதிய குடியிருப்புப் பகுதியையும் எழுப்பிக்கொண்டிருக்கிறது. அத்லெடிக்ஸ் ஓக்லாந்தை விட்டே போய்விட்டது. லாஸ் வேகாஸில் புதிய மைதானம் எழும்வரை மேற்கு சாக்ரமென்டோவின் ஒரு சிறிய மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம்.

சான் பிரான்சிஸ்கோ பணக்கார நகரம், ஓக்லாந்து ஏழை நகரம், அவ்வளவுதான் என்று இதைச் சுருக்கிவிடுபவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 1996இல் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் அணிக்கு அள்ளிக் கொடுக்கவில்லை. மிகக் குறைவாகவே கொடுத்தார்கள். 2021இல் ஓக்லாந்து நகர சபை கொடுக்க முன்வந்ததோ அதைவிட மிக அதிகம். குறைவாகக் கொடுத்த ஊரில் அணி தங்கியது, அதிகம் கொடுக்க வந்த ஊரை விட்டுப் போனது. பணத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

நிலம் யாருடையது?

இரண்டு கரைகளும் காலியானதற்கு ஒரே காரணம், கன்டெய்னர். சான் பிரான்சிஸ்கோவின் துறைமுகம் விரல்களைப்போல் நீருக்குள் நீளும் குறுகிய மரத்துறைகளால் ஆனது. கப்பலிலிருந்து மூட்டைகளையும் பெட்டிகளையும் ஆட்கள் சுமந்து இறக்கிய காலத்துக்கு அது பொருந்தியது. 1960களில் கன்டெய்னர் வந்தபோது தேவைப்பட்டவை வேறு: ராட்சதக் கிரேன், பெட்டிகளை அடுக்கப் பரந்த வெட்டவெளி, பக்கத்திலேயே ரயில் பாதை. இவை எல்லாம் எதிர்க்கரையில் ஓக்லாந்திடம் இருந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சரக்கு வளைகுடாவைத் தாண்டிப் போய்விட்டது. சான் பிரான்சிஸ்கோவுக்கு மிஞ்சியவை துருப்பிடித்த கொட்டகைகளும், அவற்றைப் பராமரிக்கக் காசில்லாத ஒரு துறைமுக வாரியமும்தான்.

அந்த வாரியம் தன் நிலத்தை விற்றுவிட முடியாது என்பது முக்கியம். கலிஃபோர்னியாவில் அலை ஏறியிறங்கும் நிலமும், அதை மண்போட்டு நிரப்பி உண்டாக்கிய நிலமும் பொது நம்பிக்கைக் கோட்பாட்டின் கீழ் மக்கள் சார்பில் அரசு வைத்திருக்கும் சொத்து. கப்பல் போக்குவரத்து, வணிகம், மீன்பிடிப்பு, மக்கள் வந்துபோகும் பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். அடுக்குமாடி வீடு கட்டக் கூடாது. அலுவலகக் கட்டடத்துக்கும் பெரும்பாலும் இடமில்லை. 1968இன் பர்ட்டன் சட்டம் சுமார் ஏழரை மைல் கரையை மாநிலத்திடமிருந்து நகரத்துக்கு மாற்றியபோதும் இந்த நிபந்தனை கூடவே வந்தது. இதற்கு மேல், வளைகுடாவை மண்போட்டு மூடுவதைத் தடுக்க 1965இல் உருவான வளைகுடாப் பாதுகாப்பு ஆணையம் ஒன்று இருக்கிறது. மாநில நில ஆணையம் இன்னொன்று. போதாக்குறைக்கு சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்களும். 1990இல் அவர்கள் கரையோரத்தில் புதிய ஹோட்டல்களைத் தடைசெய்து, முறையான நிலப் பயன்பாட்டுத் திட்டம் தயாரிக்கும்படி துறைமுகத்துக்கு வாக்கெடுப்பிலேயே உத்தரவிட்டார்கள்.

இவ்வளவு பூட்டுகள் இருந்தால் எதுவும் நடக்காது என்று கட்டுமான நிறுவனங்கள் புலம்புவது வழக்கம். பூட்டுகள் இருந்ததால்தான் சான் பிரான்சிஸ்கோவில் உருப்படியாக ஏதோ நடந்தது என்பது என் கட்சி.

நான்கு தோல்விகளின் பரிசு

1958இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஜயன்ட்ஸ், 1960 முதல் கேண்டில்ஸ்டிக்கில் விளையாடியது. கோடைக்காலத்திலும் இரவானால் வளைகுடாக் காற்று எலும்பைத் துளைக்கும் மைதானம் அது. அன்றைய உரிமையாளர் பாப் லூரி பொதுப்பணத்தில் புதிய மைதானம் வேண்டும் என்று வாக்காளர்களிடம் நான்கு முறை போய், நான்கு முறையும் தோற்றார். 1987இல் சான் பிரான்சிஸ்கோவில். 1989 நவம்பரில், நிலநடுக்கம் முடிந்து மூன்றே வாரத்தில், அதே நகரில் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில். 1990இல் சான்டா கிளாராவில். 1992இல் சான் ஹோசேயில். மனம் வெறுத்த லூரி அணியை ஃபுளோரிடாவின் டாம்பா பே குழுவுக்கு விற்க ஒப்புக்கொண்டார். மற்ற அணிகளின் உரிமையாளர்கள் அதை நிராகரித்தார்கள். சேஃப்வே மளிகைக்கடைக் குழுமத்தின் தலைவர் பீட்டர் மகோவன் தலைமையில் உள்ளூர் முதலீட்டாளர்கள் 10 கோடி டாலருக்கு அணியை வாங்கினார்கள்.

புதிய உரிமையாளர்களுக்கு நான்கு தோல்விகளும் ஒரு கணக்கைக் கற்றுக் கொடுத்திருந்தன: இந்த ஊர் மைதானம் கட்டக் காசு தராது. எனவே 1996 மார்ச்சில் அவர்கள் வாக்காளர்களிடம் கேட்டது காசு இல்லை. சைனா பேசின் பகுதித் துறைமுக நிலத்தின் 40 அடி உயர வரம்பிலிருந்து மைதானத்துக்கு விலக்கு வேண்டும் என்பதுதான் வாக்கெடுப்பின் சாரம். சுமார் 66 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

மைதானத்துக்கு ஆன செலவு 35.7 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 17 கோடி சேஸ் மன்ஹாட்டன் வங்கிக் கடன். தொலைபேசி நிறுவனமான பசிபிக் பெல், 24 ஆண்டுப் பெயர் உரிமைக்கு 5 கோடி கொடுத்தது. மீதி, நல்ல இருக்கைகளுக்கான நிரந்தர உரிமையை விற்றதிலிருந்தும் விளம்பரதாரர்களிடமிருந்தும் வந்தது. நகரம் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் கூடுதலாக வரவிருக்கும் சொத்துவரியை எதிர்பார்த்து மறுசீரமைப்பு முகமை ஒரு சிறு தொகை கொடுத்தது. சுற்றுப்புறச் சாலைகளும் ரயிலும் பொதுச் செலவுதான். இருந்தாலும், 1962இல் திறந்த டாட்ஜர் ஸ்டேடியத்துக்குப் பிறகு பெரும்பாலும் தனியார் பணத்தில் எழுந்த முதல் பெரிய லீக் பேஸ்பால் மைதானம் இதுவே. 2000 ஏப்ரலில் திறந்தது. தொலைபேசிக் கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கியதில் பலமுறை பெயர் மாறி, இப்போது ஓரக்கிள் பார்க்.

தனியார் பணம் என்பதன் உண்மையான மதிப்பு வரிப்பணம் மிச்சமானதில் மட்டும் இல்லை. 17 கோடி டாலர் கடனைத் தன் தலையில் ஏற்றிக்கொண்ட அணி, அந்தக் கடன் தீரும்வரை வேறெந்த ஊரையும் காட்டி மிரட்ட முடியாது. நிலம் துறைமுகத்துடையது, 66 ஆண்டுக் குத்தகை. கட்டடமும் கடனும் அணியுடையவை. பெயர்த்து எடுத்துக்கொண்டு ஓட முடியாத ஒன்றில் உரிமையாளர்களே தங்கள் பணத்தைப் புதைத்தார்கள். அணியை ஊரில் கட்டிப்போட்டதில் எந்த ஒப்பந்த வாசகத்தையும்விட இதற்கே பங்கு அதிகம்.

பொது நம்பிக்கைக் கோட்பாடு மைதானத்தின் வடிவத்திலும் தடம் பதித்திருக்கிறது. வலதுபுற எல்லைச் சுவருக்கும் நீருக்கும் நடுவே ஒரு பொது நடைபாதை ஓடுகிறது. கரை மக்களுடையது என்பதால் அதை மூட முடியாது. சுவரில் வளைவுத் திறப்புகள் வைத்து, டிக்கெட் இல்லாதவர்களும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஆட்டம் பார்க்க விட்டிருக்கிறார்கள். கூட்டம் அதிகமானால் சில இன்னிங்ஸுக்குப் பிறகு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். அந்தச் சுவர் அடிப்பவரிடமிருந்து 309 அடிதான். நிலம் அவ்வளவுதான் இருந்தது. அதைத் தாண்டி அடிக்கும் பந்து, கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற ஹோம் ரன், சில சமயம் நேரே வளைகுடா நீரில் போய் விழும். மக்கோவி கோவ் என்று பெயர்பெற்ற அந்தச் சிறு நீர்ப்பரப்பில் படகுகளில் மிதந்தபடி பந்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டடக்கலைஞர்கள் தேடும் அடையாளத்தை, நிலப் பற்றாக்குறையும் ஒரு பழைய சட்டமும் சேர்ந்து இங்கே இலவசமாகக் கொடுத்துவிட்டன.

மைதானம் செய்ததும் செய்யாததும்

ஜயன்ட்ஸ் வந்தது, கரை மலர்ந்தது என்று மேயர்கள் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தேதிகளைப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. மேம்பாலச் சாலை இடிந்தது 1991இல். நகரப் போக்குவரத்து ரயில் மைதானம் இருக்கும் பகுதிக்கு 1998லேயே நீண்டுவிட்டது. தெற்கிலிருந்து வரும் கால்ட்ரெயின் புறநகர் ரயிலின் முனையம் நடந்துபோகும் தொலைவில். மைதானத்துக்குத் தெற்கே மிஷன் பேயின் 303 ஏக்கர் பழைய ரயில்வே நிலத்துக்கான திட்டம் 1998இல் ஒப்புதல் பெற்றது. அங்கே கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சி வளாகத்துக்கு 43 ஏக்கர் இலவசமாகக் கிடைத்தது. மருத்துவமனையும் ஆய்வகமும் ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கானவர்களைத் தினமும் அழைத்து வருபவை. பேஸ்பால் அணி தன் மைதானத்தில் ஆடுவது ஆண்டுக்கு 81 நாள். மீதி 284 நாள் அந்த நாற்பதாயிரம் இருக்கைகளும் பெரும்பாலும் காலி.

பொருளாதார ஆய்வாளர்களுக்குள் இவ்வளவு ஒத்த கருத்து அரிது. ரோஜர் நோலும் ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட்டும் 1997இல் தொகுத்து வெளியிட்ட ஆய்வு நூல் முதல் இன்றுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கின்றன: மைதானத்துக்குக் கொடுக்கும் பொதுப்பணம் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் போட்ட அளவுக்குத் திரும்பி வருவதில்லை. காரணம் எளிது. ஒரு குடும்பம் மைதானத்தில் செலவழிக்கும் இருநூறு டாலர் வானத்திலிருந்து விழுந்ததில்லை. அணி இல்லாவிட்டால் அதே ஊரின் திரையரங்கிலோ உணவகத்திலோ செலவாகியிருக்கும். மைதானத்தில் செலவாகும்போது அதில் பெரும் பங்கு வேறெங்கோ வசிக்கும் வீரர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் போகிறது.

ஆனால் ஊர் முழுவதற்கும் வருமானம் கூடுமா என்பதும், ஒரு குறிப்பிட்ட கரைத்துண்டுக்கு ஆள் வருமா என்பதும் வேறு வேறு கேள்விகள். மைதானத்தால் செலவு ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு இடம்பெயர்கிறது என்றால், எந்தத் தெருவுக்கு என்பதை நகரம் தேர்ந்தெடுக்கலாமே. சான் பிரான்சிஸ்கோவில் மைதானம் செய்தது அதுதான். முன்பு யாரும் எட்டிப் பார்க்காத கிடங்குப் பகுதிக்கு ஊர்க்காரர்களின் கால் பழகிவிட்டது. கூடவே ரயிலும் ஆராய்ச்சி வளாகமும் இருந்ததால் அது வேர்பிடித்தது.

எதிர்க்கதை வேண்டுமானால் ஓஹையோவின் கிளீவ்லாந்தைப் பார்க்கலாம். ஏரிக்கரையில், நகர மையத்தை ஒட்டி, 1999இல் பிரௌன்ஸ் கால்பந்து அணிக்கு மைதானம் திறந்தார்கள். அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆண்டில் உள்ளூர் ஆட்டங்கள் பத்தோ அதற்கும் குறைவோதான். ஊருக்கும் ஏரிக்கும் நடுவே ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் அப்படியே கிடந்தன. கால் நூற்றாண்டு கழித்தும் மைதானத்தைச் சுற்றிப் பெரும்பாலும் கார் நிறுத்தும் வெளிதான். இப்போது அணி புரூக் பார்க் என்ற புறநகருக்குப் போக முடிவெடுத்திருக்கிறது.

பத்து ஆண்டு கழித்துக் கேட்ட நிலம்

ஜயன்ட்ஸ் தன் இரண்டாவது கோரிக்கையை உடனே வைக்கவில்லை. மைதானத்துக்கு எதிரே நீரின் மறுபக்கம் 16 ஏக்கர் துறைமுக நிலம் அணியின் கார் நிறுத்துமிடமாக இருந்தது. 2007இல் மாநிலச் சட்டமன்றம் அந்த மனையின் மீதான பொது நம்பிக்கைக் கட்டுப்பாட்டைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. வருமானத்தைத் துறைமுகம் தன் பழைய கட்டடங்களைச் சீராக்கப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. துறைமுகம் போட்டி அறிவித்து 2010இல் ஜயன்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது. மிஷன் ராக் என்று பெயரிட்ட திட்டத்தில் 380 அடிவரை உயரும் கோபுரங்களுக்கு அணி ஆசைப்பட்டது.

அந்தச் சமயம் பார்த்து ஊரின் மனநிலை மாறியது. 2012இல் கூடைப்பந்து அணியான வாரியர்ஸ், ஓக்லாந்திலிருந்து பெயர்ந்து எம்பார்கடேரோ கரையின் 30-32 எண் துறைகள்மேல், நீருக்கு மேலேயே, அரங்கம் கட்டப்போவதாக அறிவித்தது. இதுதான் தன் காலத்தின் நினைவுச்சின்னம் என்று மேயர் எட் லீ மகிழ்ந்தார். 2013 நவம்பரில் வாக்காளர்கள் பக்கத்திலேயே ஓர் ஆடம்பரக் குடியிருப்புத் திட்டத்தை வாக்கெடுப்பில் தூக்கியெறிந்தார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரிந்துகொண்ட வாரியர்ஸ் 2014 ஏப்ரலில் துறைகளைக் கைவிட்டு, மிஷன் பேயில் தனியார் மனையை வாங்கிக்கொண்டது. அங்கே கட்டிய சேஸ் சென்டர் 2019இல் திறந்தது. அரங்கம் அதேதான், ஊரும் அதேதான். சில தெருக்கள் உள்ளே தள்ளிப் போனதும் எதிர்ப்பு பெருமளவு தணிந்தது. கரைமேல் கட்டியே ஆக வேண்டும் என்ற வாதங்களில் எவ்வளவு தேவை, எவ்வளவு புகைப்பட ஆசை என்று இந்த இடமாற்றம் காட்டிவிட்டது.

2014 ஜூனில் இன்னொரு பூட்டு விழுந்தது. துறைமுக நிலத்தில் எந்தக் கட்டடத்துக்கு உயர வரம்பைத் தளர்த்துவதானாலும் வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்று 59 சதவீதம் பேர் முடிவு செய்தார்கள். ஜயன்ட்ஸ் தன் வரைபடத்தைத் திருத்திக்கொண்டு வந்தது. கோபுர உயரம் 240 அடியாக இறங்கியது. வாடகை வீடுகளில் 40 சதவீதம் குறைந்த, நடுத்தர வருவாய்க்காரர்களுக்கு என்றானது. நகர விதி அப்போது கேட்டதைவிட இது மிக அதிகம். எட்டு ஏக்கர் பூங்காவும் திறந்தவெளியும் சேர்ந்தன. 2015 நவம்பரில் சுமார் 74 சதவீத வாக்குகளுடன் திட்டம் நிறைவேறியது. டிஷ்மன் ஸ்பேயர் என்ற கட்டுமான நிறுவனம் கூட்டுச் சேர்ந்தது. 2020 இறுதியில் வேலை தொடங்கியது. கடல்மட்டம் உயர்வதை எதிர்பார்த்து நிலத்தையே பல அடி உயர்த்தினார்கள். விசா நிறுவனம் தன் தலைமையகத்தை அங்கே மாற்றிக்கொண்டது. சைனா பேசின் பூங்கா 2024இல் திறந்தது. முதல் கட்டத்தின் நான்கு கட்டடங்கள் எழுந்துவிட்டன. அடுத்த கட்டங்கள், வட்டி விகிதமும் காலியாகக் கிடக்கும் அலுவலகங்களும் சேர்ந்து பிடித்திழுக்க, மெதுவாகத்தான் நகர்கின்றன.

இதையும் முழுக்கத் தனியார் சாதனை என்று மெச்ச நான் தயாரில்லை. சாலை, குழாய், மண் உயர்த்தும் செலவு எல்லாம் அந்த மனைகளிலிருந்து வரப்போகும் வரிமேல் வாங்கும் கடனைச் சார்ந்தவை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அணி முதலில் சுமார் 13 ஏக்கர் குத்தகைக்கு வந்தது. கடன் வாங்கிக் கட்டியது. பத்து ஆண்டு ஆடிக் காட்டியது. அதன்பின்தான் நிலம் கேட்டது. கேட்டபோது அதைப்பற்றி ஊருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. அதற்கும் வேறெங்கும் போக வழியில்லை.

எல்லாம் ஒரே கையெழுத்தில்

ஓக்லாந்தில் 2018 நவம்பரில் அத்லெடிக்ஸ் கொண்டுவந்த திட்டத்தில் இந்த வரிசையே இல்லை. ஜாக் லண்டன் சதுக்கத்துக்கு மேற்கே ஹோவர்ட் டெர்மினல் என்ற சுமார் 55 ஏக்கர் துறைமுக நிலம். 35,000 பேருக்கான மைதானம், 3,000 வீடுகள், 15 லட்சம் சதுர அடி அலுவலகம், 400 அறை ஹோட்டல், 18 ஏக்கர் பூங்கா. மொத்தம் 1,200 கோடி டாலர் திட்டம் என்றார்கள். டென்மார்க்கின் பியார்க்க இங்கெல்ஸ் நிறுவனம் வரைந்த படங்கள் அழகாகத்தான் இருந்தன.

அணி அதற்கு முன்பு எங்கெங்கோ முயன்றிருந்தது. ஃப்ரீமான்ட் நகரம் கைகூடவில்லை. சான் ஹோசே ஜயன்ட்ஸின் எல்லைக்குள் வருகிறது என்று லீக் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2015இல் முடிந்தது. 2017இல் லேனி கல்லூரிக்குப் பக்கத்து நிலத்தை அறிவித்த சில மாதங்களில் கல்லூரி நிர்வாகம் கதவைச் சாத்தியது. ஹோவர்ட் டெர்மினல் கடைசி வாய்ப்பாக வந்தது.

சான் பிரான்சிஸ்கோவின் கரை செத்த துறைமுகம். ஓக்லாந்தினுடையது உயிரோடு இருக்கும் துறைமுகம். எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் முளைத்தது. ஹோவர்ட் டெர்மினலில் 2014 வாக்கில் கப்பல் வருவது நின்றுவிட்டாலும், லாரி நிறுத்தவும் காலிக் கன்டெய்னர் அடுக்கவும் துறைமுகத் தொழிலாளர் பயிற்சிக்கும் அது பயன்பட்டது. அந்த லாரிகளை வெளியே தள்ளினால் அவை நிற்கப்போவது, ஏற்கெனவே டீசல் புகையில் ஆஸ்துமாவோடு வாழும் மேற்கு ஓக்லாந்தின் தெருக்களில். பெரிய கப்பல்கள் திரும்புவதற்கான நீர்வட்டம் அந்த நிலத்தை ஒட்டியே இருக்கிறது. அதை அகலப்படுத்த வேண்டிவந்தால் பத்து ஏக்கர்வரை திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையைத் துறைமுகம் கேட்டது. ஒரு பக்கம் பழைய இரும்பை நொறுக்கிக் கப்பலேற்றும் ஆலை. மண்ணுக்கடியில் பழைய எரிவாயு ஆலை விட்டுப்போன நச்சு, தார்த்தளத்தின்கீழ் மூடிக் கிடந்தது. முன்வாசலிலோ தெருமட்டத்திலேயே ஓடும் ரயில் பாதை. சரக்கு ரயிலும் ஆம்ட்ராக் பயணிகள் ரயிலும் நாள் முழுவதும் கடந்துபோகும். 35,000 பேர் அதைத் தாண்டி மைதானத்துக்குள் வர வேண்டும். அருகிலுள்ள பார்ட் மின்ரயில் நிலையம் ஏறத்தாழ ஒரு மைல். அணி விட்டுவிட்டு வர நினைத்த பழைய கொலிசியம் மைதானத்துக்கோ, பார்ட் நிலையத்திலிருந்து நேரடி நடைபாலம் இருந்தது.

கப்பல் நிறுவனங்கள், துறைமுகத் தொழிலாளர் சங்கம், லாரி உரிமையாளர்கள், இரும்பு ஆலை, கிழக்கு ஓக்லாந்துவாசிகள் என்று சாதாரணமாக ஒரே மேடையில் நிற்காதவர்கள் ஒன்று சேர்ந்து எதிர்த்தார்கள். அவர்களில் சிலருக்குத் தங்கள் வியாபாரமே கவலை. இருந்தாலும் கிரேனுக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஒரு வேலி போதாது என்ற அவர்களின் வாதம் சரிதான். இரவு பகலாக ஓசையும் ஒளியும் எழுப்பும் துறைமுகத்தின் பக்கத்தில் கோடிப் பணம் கொடுத்து வீடு வாங்குபவர், ஐந்தாவது ஆண்டில் துறைமுகத்தின்மீது வழக்குப் போடுவார்.

நகரத்துக்குத் தன் பழைய காயமும் இருந்தது. 1995இல் ரெய்டர்ஸ் கால்பந்து அணியைத் திரும்ப வரவழைக்க, நகரமும் அலமேடா மாவட்டமும் சுமார் 20 கோடி டாலர் கடன் வாங்கிக் கொலிசியத்தை விரிவாக்கின. கடனை இருக்கை உரிமை விற்பனை அடைத்துவிடும் என்றார்கள். விற்கவில்லை. 2020இல் அந்த அணி லாஸ் வேகாஸுக்குப் போன பிறகும் மக்கள் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியும் ஓக்லாந்து மறுக்கவில்லை. 2021 ஏப்ரலில் அத்லெடிக்ஸ் வெளியிட்ட கணக்கின்படி, எதிர்கால வரிவருவாயிலிருந்து 85.5 கோடி டாலர் உள்கட்டமைப்புக்கு வர வேண்டும். மே மாதம், வேறு நகரங்களையும் பாருங்கள் என்று பேஸ்பால் லீக் அணிக்கு அனுமதி கொடுத்தது. அணித் தலைவர் டேவ் காவல், இணைப் பாதைகள் என்று அதற்கு மரியாதையான பெயர் சூட்டி, ஒரு காலை ஓக்லாந்திலும் மறுகாலை லாஸ் வேகாஸிலும் வைத்துக்கொண்டார். ஜூலை 20 அன்று நகர சபை 6-1 என்று ஒரு முன்வரைவை ஆதரித்தது. வெளிச் சாலைகளின் செலவை அணிமேல் போடாமல், குறைந்த வருவாய்க்காரர்களுக்கான வீடுகளையும் வலியுறுத்திய வரைவு அது. வாக்கெடுப்புக்கு முன்பே இது எங்களுக்குச் சரிவராது என்று அணி சொல்லிவிட்டது. 2022 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் அறிக்கைக்குச் சபை ஒப்புதல் கொடுத்தது. ஜூன் 30இல் வளைகுடா ஆணையம், துறைமுகத்துக்கு மட்டுமே என்ற ஒதுக்கீட்டிலிருந்து அந்த நிலத்தை 23-2 என்ற வாக்கில் விடுவித்தது. அனுமதிகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. பணக் கணக்கு மட்டும் மூடவே இல்லை. ரயில் பாதையைக் கடக்கும் பாலத்துக்கு எதிர்பார்த்த பெரிய மத்திய அரசு மானியமும் 2023 தொடக்கத்தில் நழுவியது.

ஏப்ரலில் அத்லெடிக்ஸ் லாஸ் வேகாஸில் 49 ஏக்கர் வாங்க ஒப்பந்தம் செய்தது. சில வாரங்களில் அதையும் மாற்றி, டிராபிகானா சூதாட்ட விடுதி இருந்த இடத்தில் 9 ஏக்கருக்கு வந்து நின்றது. எனக்கு இந்த எண்தான் மொத்தக் கதையிலும் அதிகம் பேசுவதாகத் தோன்றுகிறது. ஓக்லாந்தில், சுற்றிலும் வீடும் அலுவலகமும் கட்டி விற்காமல் மைதானம் நிதி ரீதியாக நிற்காது என்று ஐந்தாண்டு வாதிட்ட அணி, நெவாடாவில் 38 கோடி டாலர்வரை பொதுப்பணம் கிடைக்கும் என்றதும் 46 ஏக்கரை விட்டுக்கொடுத்துவிட்டது. 3,000 வீடுகளின் இடத்தை ஒரு மானியம் நிரப்ப முடியுமென்றால், அந்த வீடுகள் ஆரம்பத்திலிருந்தே மானியத்துக்கு மாற்றாகத்தான் வரைபடத்தில் நின்றன. கரையின் மறுவாழ்வு என்பது அணியின் நிதிக்கணக்கில் ஒரு வரி.

2023 ஜூன் 13 அன்று ஓக்லாந்து ரசிகர்கள் வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் கொலிசியத்தை வேண்டுமென்றே நிரப்பினார்கள், 27,759 பேர். அணியை விற்றுவிடு என்று உரிமையாளர் ஜான் ஃபிஷரை நோக்கிக் கூச்சலிட்டார்கள். அதே நாளில் நெவாடா செனட் நிதி மசோதாவை நிறைவேற்றியது. நவம்பரில் மற்ற அணி உரிமையாளர்கள் ஒருமனதாக இடமாற்றத்துக்குச் சம்மதித்தார்கள். 1992இல் ஜயன்ட்ஸை டாம்பாவுக்குப் போகவிடாமல் தடுத்ததும் இதே போன்ற ஒரு வாக்கெடுப்புதான். மைதானங்களைப்பற்றிய விவாதங்களில் நகரத்தின் திறமையும் திறமையின்மையும் மட்டுமே அலசப்படுகின்றன. எந்த ஊரில் அணி இருக்கலாம் என்று கடைசியில் தீர்மானிக்கும் முப்பது பேர் கொண்ட அந்தக் குழுவின் விருப்பம் யாருடைய நகரத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

அணியின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு கரைமனைக்கு அனுமதி வாங்குவதற்குள் வட்டி விகிதமும் மேயரும் மாறிவிடுகிறார்கள். ஓக்லாந்திலும் 2023 ஜனவரியில் மேயர் மாறினார். ஐந்து ஆண்டுகளும் பெரும் தொகையும் அணிக்கும் செலவாயின. ஆனால் ஜயன்ட்ஸ் முதல் வாக்கெடுப்பிலிருந்து முதல் பந்துவரை பதிமூன்று ஆண்டு காத்திருந்தது. கார் நிறுத்துமிடத்தில் முதல் கடைக்கால் போட அதற்கு இன்னும் இருபது ஆண்டு பிடித்தது. போக்கிடம் இல்லாதவர்களுக்கே இவ்வளவு பொறுமை வரும்.

ஓக்லாந்தின் பூட்டுகளில் ஒன்று மட்டும் சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்தது. ஹோவர்ட் டெர்மினலை மைதானத்துக்குத் திறந்துவிட 2019இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2025 ஜனவரி 1க்குள் துறைமுகமும் அத்லெடிக்ஸும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதையும் செய்துகொள்ளாவிட்டால், அந்த நிலம் தானாகவே மறுபடி துறைமுகப் பயன்பாட்டுக்கு உரியதாகிவிடும். யாரும் வழக்குப் போட வேண்டாம், சபை கூடி வாக்களிக்க வேண்டாம், நிலத்தைத் திரும்ப வாங்கக் காசு தேட வேண்டாம். அத்லெடிக்ஸ் கொலிசியத்தில் கடைசி ஆட்டம் ஆடியது 2024 செப்டம்பர் 26இல். மூன்று மாதம் கழித்து, புத்தாண்டு நாளன்று அந்தக் கெடு முடிந்தது.